படையலுக்கு ஒரு பார்சல்

எண்ணெயில் துளசி விழுந்ததும் அந்த முட்டுச்சந்து ஒரு நிமிஷம் பெருமாள் கோயிலாகிவிட்டது. அடுத்த நிமிஷமே பூண்டும் கோழியும் வந்து கோயிலை விரட்டிவிட்டன. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹேமாவதி மூக்கைப் பொத்திக்கொள்ளலாமா என்று யோசித்தாள். படையலுக்குப் போகிற சாப்பாட்டை ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்பது அம்மா சொல்லி வளர்த்த சட்டம். படையலுக்கு வடை சுட்டால் அம்மா புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் சுடுவாள். இங்கே என்ன செய்வது, அடுப்பு ரோட்டோரத்தில் இருக்கிறது, காற்று நேராக நான்கு மேஜைகள் மேலும் அடிக்கிறது, மூச்சு விடாமல் இருந்தால்தான் உண்டு. அதனால்தான் இரண்டாகச் சொல்லியிருந்தாள். பார்சல் ஒன்று, இங்கேயே சாப்பிட ஒன்று. நான் சாப்பிடப்போவதன் வாசனையைத்தான் முகர்கிறேன், பார்சலை முகரவில்லை என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். செத்தவர்களிடம் இந்த வாதமெல்லாம் எடுபடுமா தெரியவில்லை. செத்தவர்கள் என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நினைப்புக்கு ஏது நாக்கு, இருந்தாலும் கடித்துக்கொண்டாள். மறுநாள் மகாளய அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆனால் வானத்தின் ஒரு மூலை மட்டும் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஹேமா, மிளகாய் எவ்ளோ? பயம் மிளகாயா, தைரியம் மிளகாயா?" என்று அடுப்பின் முன்னாலிருந்து மாலி கேட்டாள். மாலி தாய்லாந்துக்காரி. பாங்காக்கில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்த ராமநாதபுரத்து அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டு அயனாவரத்துக்கு வந்தவள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷட்டரைப் பிடித்து, தங்கள் ஊரில் போடுவது போலவே தெருவில் அடுப்பை வைத்துக் கடை போட்டுவிட்டாள். வந்த புதிதில், துளசியைக் கோழியோடு வதக்குகிறாளே பாவி என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். இப்போது அதே நாலு பேர் ஞாயிற்றுக்கிழமையானால் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இது வெறும் கீரை, சாமிக்கு வேறு வேறு பூ இருக்கிறது என்று மாலி அவர்களுக்குச் சொன்ன பதில் ரொம்ப நாள் தெருவில் சிரிப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "தைரியம்," என்றாள் ஹேமாவதி. "ரெண்டுமா?" "ரெண்டும்." தம்பி கஜா எவ்வளவு காரம் தின்பான் என்று நினைத்துப் பார்த்தாள், சட்டென்று ஞாபகம் வரவில்லை, அது அவளை உலுக்கியது. காரம் தின்பானா மாட்டானா? வடைகறியில் மிளகாயைப் பொறுக்கித் தட்டோரத்தில் அடுக்குவான். இல்லை, அது சின்ன வயதில். பெரியவனானபின்? "பார்சல் அம்மாக்கா? அம்மா கோழி சாப்பிடாது, நீ சொன்னே," என்றாள் மாலி. "வீட்டுக்கு மாலி." வீட்டுக்கு என்பது பொய்யில்லை. வீட்டில்தான் வைக்கப்போகிறார்கள், கூடத்தில், தலைவாழை இலையில், போட்டோவுக்கு முன்னால்.

போட்டோ என்று பேர்தான். தம்பி கஜேந்திரன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்துக்கொண்ட படம். சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பான், சிரிப்பு கண்ணில் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பெரிது பண்ணிச் சட்டம் போட அவளைத்தான் அனுப்பினார்கள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "தோற்றம் தேதி சொல்லுங்கம்மா," என்றார். சொன்னாள். "மறைவு?" என்றார். மறைவு என்றால் எது? அவன் விமானம் ஏறிய நாளா, கடைசியாகப் பேசிய நாளா, போன் மணி அடிப்பது நின்று, நீங்கள் அழைக்கும் எண் என்று ஒரு பெண்குரல் சொல்ல ஆரம்பித்த நாளா? "தெரியாதுங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷர், மேலே கேட்கவில்லை. "ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டுடறேன். அப்புறம்கூட எழுதிக்கலாம்," என்றார். இப்போது கூடத்து ஸ்டூலில் சாய்த்திருக்கும் படத்தின் அடியில் மறைவு என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடு கிடக்கிறது. கண்ணை மூடினாலும் அதுதான் வருகிறது. பெரியப்பா ஏகாம்பரம் பார்த்துவிட்டு, "எள்ளும் தண்ணியும் விட்டுட்டா அமாவாசத் தேதியவே அதுல போட்டுக்கலாம்," என்றார், வீட்டுக்கு வெள்ளையடிக்க நாள் குறிப்பதுபோல. பேர் சொல்லித் தர்ப்பணம் விடாவிட்டால் போன ஜீவன் பசியோடு அலையும், வாசலில் வந்து வந்து நிற்கும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். "எம்புள்ள உசுரோட கீறான், நீங்க கெளம்புங்க," என்று மாதக்கணக்கில் அவரை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தவள் அம்மா. போன வாரம் அம்மா அவரை அனுப்பவில்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அந்தக் காபி டம்ளரைப் பார்த்ததும் ஹேமாவதிக்கு விளங்கிவிட்டது. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அமாவாசைக்குச் சைவம்தான் வைக்க முடியும், அதனால் முதல் நாளே, விளக்கு வைத்ததும், அவன் ஆசைப்பட்டுத் தின்றதை ஒரு இலையில் வைத்துவிட வேண்டும். "அந்தத் துளசி போட்ட கோழி. அதத்தானே கடைசியா படம் புடிச்சி அனுப்பினான். அத வாங்கியாந்துடு ஹேமா."

கடைசியாக அனுப்பிய படம் இப்போதும் அவள் போனில் இருந்தது. வெள்ளைத் தட்டு, சோறு, கறுத்துச் சுருண்ட துளசியோடு கொத்துக்கோழி, மேலே ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பொரிந்த முட்டை, தட்டின் விளிம்பில் அவன் கட்டைவிரல். அக்கா, துளசியில கோழி, செமையா இருக்கு, அம்மாகிட்ட சொல்லிடாத, சாமி கண்ணக் குத்தும்னு அழும் என்று எழுதியிருந்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி ஆபீஸ், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று ஒரு ஏஜெண்டு சொல்லிப் போனவன். பாங்காக்கில் இரண்டு நாள்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு வேனில் ஏற்றி, பொழுதெல்லாம் ஓட்டி, ஒரு ஆற்றங்கரையில் இறக்கி, படகில் அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, அங்கே கேட்பார் கிடையாது. இதெல்லாம் அதே வழியில் போய்த் தப்பித்து வந்த ஜஸ்டின் சொல்லித்தான் தெரியும். தூத்துக்குடிக்காரன், இவர்கள் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பேசினான். அங்கே வேலை ஊர்பேர் தெரியாதவர்களுக்கு மெசேஜ் போட்டு ஆசைகாட்டி மோசம் பண்ணுவது. பொம்பளைக்கு ஆம்பளைபோல எழுத வேண்டும், ஆம்பளைக்குப் பொம்பளைபோல எழுத வேண்டும். தமிழ் ஆட்களைப் பிடிக்கத் தமிழ்ப் பையன்கள். "ஆள் சிக்கலன்னா அன்னிக்குச் சோறு கெடையாதுக்கா. பின்னால ஒருத்தன் நின்னுகிட்டே இருப்பான், நாம எழுதுறத மெஷின்ல போட்டு அவன் பாஷையில படிப்பான். சொந்தப் பேர எழுதினோம்னு தெரிஞ்சா இருட்டு ரூம்புதான்." எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், அம்மா அடுக்களைக்குப் போன நேரமாகப் பார்த்து, எதிர்க் கட்டிடத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் ஆற்றில் குதித்தான், எழும்பவில்லை, மெட்ராஸ்காரன் என்றார்கள், நெற்றியில் தழும்பு இருக்குமாம் என்றான். கஜாவுக்கு நெற்றியில் தழும்பு உண்டு, கிரிக்கெட் பந்து. மெட்ராஸில் நெற்றித் தழும்பு இல்லாத பையன் எவன்? ஹேமாவதி அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்றிலிருந்து தழும்பைப் பிடித்துக்கொண்டாள்.

மாலி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதே வெள்ளைத் தட்டு. இல்லை, அதே இல்லை, இது ஓரத்தில் நீலக்கோடு போட்டது. அதே முட்டை. ஆவி முகத்தில் அடித்தது, துளசி ஆவி, அதில் அப்பா வந்தார். அப்பா போகிற நேரத்தில் வாயில் விடத் துளசித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், பித்தளைச் சொம்பில், இலைகள் மிதந்துகொண்டு. பிள்ளைதான் முதலில் விட வேண்டும் என்று கஜாவைத் தள்ளிவிட்டார்கள். அவன் சொம்பைச் சாய்த்தான். தண்ணீர் அப்பாவின் கடைவாயில் வழிந்து தலையணைக்குள் போயிற்று, ஒரு இலை மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பா அதை முழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. அக்கா, எடுத்துடவா, எடுத்துடவா என்று அவன் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பெரியப்பா வேண்டாம் என்றார், இவள் எடுத்துவிட்டாள். இப்போது ஸ்பூனில் முதல் வாய் எடுத்ததும் ஒரு துளசி இலை உதட்டில் ஒட்டியது. யாராவது ஆற்றங்கரையில் அவன் வாயில் ஒரு சொட்டு விட்டிருப்பார்களா? ஆற்றில் குதித்தவனுக்குத் தண்ணீருக்கா பஞ்சம், சீச்சீ, என்ன நினைப்பு இது, நினைப்பைப் பிடித்து நாலு சாத்து சாத்தினால்கூடத் தேவலை. இலையை விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்தாள். எதிரில் சுவரில் மாலியின் சின்னப் பலகைக் கோயில் இருந்தது. அதில் சிவப்புச் சோடா பாட்டில், மூடி திறந்து, ஸ்ட்ரா போட்டு. தினமும் ஒன்று வைப்பாள். இந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியமாட்டார், அவருக்குத் தாகம் எடுக்கும் என்பாள். "உன் தம்பிக்கும் ஒண்ணு வைக்கவா? பத்திரமா இருக்கட்டும்னு," என்று ஒருநாள் நல்ல எண்ணத்தோடு கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று ஹேமாவதி கத்திவிட்டாள். கண்ணுக்குத் தெரியாதவர்கள் வரிசையில் அவனை உட்காரவைக்க மாட்டேன் என்று அன்றைக்கு அவ்வளவு ரோஷம். அதே வாயால் இன்றைக்குப் பார்சல் சொல்லியிருக்கிறாள்.

போன் மேஜையில் அதிர்ந்து தட்டை நோக்கி நகர்ந்தது. பார்க்காமலே தெரியும், டாக்டர் அர்விந்த். சாப்டீங்களா டியர்? டாக்டர் அர்விந்த் கனடாவில் இருதய ஆபரேஷன் செய்கிறவர், மனைவியை இழந்தவர், வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர், ராத்திரி பகல் என்று தூக்கமே இல்லாதவர். அதாவது அப்படி ஒருவர் கிடையாது. ஹேமாவதி வைத்த தூண்டிலில் வந்து கடித்த மீன் அது, அல்லது அது வைத்த தூண்டிலில் இவள் கடித்தாளோ, இரண்டும் ஒன்றுதான். ஜஸ்டின் வந்துபோன மறுநாளே புது நம்பர் வாங்கி, ரோஜாப்பூ படம் வைத்து, சுபாஷிணி என்று பேர் போட்டு, கணவனை இழந்தவள், சென்னையில் சொந்த வீடு, பேச்சுத்துணை இல்லை என்று கண்ட கண்ட குழுக்களிலெல்லாம் எழுதிப்போட்டாள். நிஜத்தில் கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள், கட்டினவன் நாலு வருஷத்தில் விட்டுவிட்டுப் போனவள், பேச்சுத்துணை இல்லை என்பதில் மட்டும் பொய்யில்லை. மொய்த்துவிட்டார்கள். கப்பல் கேப்டன், வைர வியாபாரி, ஒரு நீதிபதிகூட வந்தார். ஒவ்வொருவரிடமும் பேச்சோடு பேச்சாகத் தம்பிக்கு மட்டும் தெரிந்ததை நுழைத்துப் பார்ப்பாள். எங்க வீட்டு நாய் செத்துப்போச்சு என்று எழுதி, பேர் என்ன என்று கேட்காமல் எவனாவது இருக்கிறானா பார்ப்பாள். எல்லாரும் கேட்டார்கள். நேரடியாகக் கஜா என்று எழுத முடியாது, பின்னால் நிற்கிறவன் படிப்பான், இருட்டு அறை. இந்த அர்விந்த் மட்டும் எதற்கும் முன்னால் சாப்டீங்களா என்று கேட்கிறான். தமிழ்நாட்டில் யார்தான் கேட்கவில்லை, பால்காரர்கூடக் கேட்கிறார். ஆனாலும் ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் அவன், தனியா இருக்கிறது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு, சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன் என்று எழுதினான். அவளுக்கு உடம்பெல்லாம் இளகிக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான், இதை எழுதியது யாராக இருக்கலாம் என்பது தலையில் இடித்தது. கண்ணு என்று கூப்பிட்டவன் கஜாவாக இருந்தால்? குளிக்கப் போனாள், மறுபடி குளிக்கப் போனாள், அன்று பூராவும் சோறு இறங்கவில்லை. அவன்தான் என்றால் அசிங்கம், அவன் இல்லை என்றால் அந்த ஆறு. அசிங்கமாகவே இருக்கட்டும் பெருமாளே என்று வேண்டிக்கொண்ட அக்கா உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

சாப்டுட்டே இருக்கேன் என்று இடது கையால் அடித்து அனுப்பிவிட்டு அடுத்த வாயைப் போட்டாள். அதில் மாலியின் தைரிய மிளகாய் முழுசாக இருந்தது. சின்னது, விரல் நகத்தளவு, பல்லில் பட்டதும் காதுவரை ஏறிவிட்டது. மூக்கிலும் நுழைந்து புரையேறியது. மாலி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இந்த ஊரில் கற்றுக்கொண்டபடி அவள் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ உன்னை நினைக்குது, யாரோ நினைக்குது," என்று அதையும் கற்றுக்கொண்டபடியே சொன்னாள். சர்க்கரை டப்பாவைத் தள்ளினாள். ஹேமாவதி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கண்ணீர் கொட்டியது, மேஜை தெரியவில்லை, சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அப்போது தோன்றவே இல்லை, வலிக்கிறவள் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். மொளகா கடிச்சிட்டேன் எரியுது என்று குருட்டாம்போக்கில் தட்டி அனுப்பினாள். நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு காற்றை உறிஞ்சினாள். அம்மா இங்கே இருந்தால் அரிசி டின்னுக்கு ஓடு என்றிருப்பாள். மற்ற வீட்டில் சர்க்கரை கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், இவர்கள் வீட்டில் மட்டும் ஒரு பிடி பச்சரிசி. வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் எரிச்சலை அரிசி குடித்துவிடும் என்பது அம்மாவின் வைத்தியம். அதற்காகவே கஜா மிளகாயைக் கடித்ததாகப் பொய் அழுகை அழுது அரிசி டின்னில் கையை விடுவான். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று ஊரே சொல்லும், அம்மாவும் சொல்லுவாள், கொடுத்துவிட்டுச் சொல்லுவாள். மழ வந்தா வரட்டும் என்று வாய் நிறைய அரிசியோடு அவன் பதில் சொல்லுவான். மழை அவளுக்குத்தான் வந்தது. அவள் கல்யாணத்தன்று பந்தலே ஒழுகியது, அவன் குடையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் பூராவும், எங்கக்கா அரிசி தின்னா, எங்கக்கா அரிசி தின்னா என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தக் கல்யாணத்தில் இன்று மிச்சம் அந்த ஒரு குரல்தான். போன் அதிர்ந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பச்சரிசி மெல்லு. மழ வந்தா வரட்டும்.

படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது. இருந்த இடத்தில், செய்தி அழிக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது. உடனே அதன் கீழே இன்னொன்று. வாட்டர் குடிங்க டியர், டேக் கேர், அந்த முதலீட்டு விஷயம் யோசிச்சீங்களா? ஹேமாவதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அது நழுவி எங்கோ ஆழத்தில் விழுந்துவிடப்போவதுபோல. பார்த்தேனா? பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இருந்ததே. தண்ணீர் இருந்தால் எழுத்து கலங்கும், இல்லாத எழுத்து வராது. நானே நினைத்துக்கொண்டிருந்தேன், அரிசி என்று, மழை என்று, நினைத்ததையே படித்துவிட்டேனோ? ஆசை இருந்தால் சுவரில்கூடப் பிள்ளையார் தெரிவார். ஆனால் ஏதோ ஒன்றை அழித்திருக்கிறானே, அழித்த தடம் இருக்கிறதே, நான் நினைத்ததை யார் அழிக்க முடியும்? சரி, எழுதினான். எழுதியது கஜா என்று எப்படி? மழை எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். மிளகாய்க்கு அரிசி? வேறு எந்த வீட்டிலும் கேட்டதில்லை. எத்தனை வீடு கேட்டாய் நீ, அயனாவரத்தில் நாலு வீடு. தேனிப் பக்கம் இருக்கலாம், கடலூர்ப் பக்கம் இருக்கலாம், அங்கே ஒரு அம்மா அரிசி டின்னைத் திறந்திருக்கலாம், அவள் பிள்ளை அங்கே உட்கார்ந்து இப்போது என்னிடம் வாய் தவறியிருக்கலாம். இத்தனை நாளும் வாங்க போங்க என்று எழுதியவன் மெல்லு என்றானே. வலிக்கிறவளிடம் யாரும் மரியாதை பார்ப்பதில்லை. பின்னால் நிற்கிறவன் படித்துவிட்டானா? அதனால்தான் அழித்தானா, இல்லை படிப்பதற்குள் அழித்துவிட்டானா? இருட்டு அறை. நான் மிளகாய் கடித்ததற்கு அவனுக்கு இருட்டு அறையா? கஜா கஜா கஜா என்று அடித்து அனுப்பிவிட விரல் துடித்தது. விரலை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்தாள். என்ன எழுதினால் பின்னால் நிற்கிறவனுக்குச் சந்தேகம் வராது? சுபாஷிணி என்ன எழுதுவாள்? காதல் தலைக்கேறிய ஒரு பொம்பளை என்ன கேட்பாள்? நீங்க சாப்டீங்களா? அனுப்பிவிட்டாள். இதே கேள்விக்கு டாக்டர் அர்விந்த் இத்தனை நாளும் சொன்ன பதிலெல்லாம் ஞாபகம் வந்தது. ஆலிவ் எண்ணெயில் மீன், பழக்கலவை, நண்பர்களோடு பெரிய ஓட்டல். யாரோ எழுதிக்கொடுத்த சாப்பாடு, பசியில் இருக்கிறவன் பார்த்துப் பார்த்து நகல் எடுத்த சாப்பாடு. இப்போது திரையில் மூன்று புள்ளி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. எண்ணெய் இல்லாத வாணலியை மாலி சுரண்டிக் கழுவினாள், தண்ணீர் சுர்ரென்று ஆவியாயிற்று. மூன்று புள்ளி நின்றுவிட்டது. ஹேமாவதிக்கு எதிர்ச் சுவரில் சிவப்புச் சோடா தெரிந்தது, அதன் ஸ்ட்ராவில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, எறும்பு மேலே போய்ச் சேருவதற்குள் பதில் வந்தால் அவன் கஜா என்று வைத்துக்கொண்டாள், வந்துவிடுமோ வராதோ என்று பயந்து எறும்பைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். போன் அதிர்ந்தது. இன்னும் இல்ல. அவ்வளவுதான். டியர் இல்லை, மீன் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிரைமேல் உட்கார்ந்திருந்த டாக்டரின் படம் மறைந்து வெறும் வட்டமாயிற்று. என்ன ஆயிற்று? மறுபடி எழுதினாள், ஒற்றை டிக்கோடு நின்றது, போய்ச் சேரவில்லை. மறுபடி. ஒற்றை டிக். ஹேமாவதி எழுந்து அடுப்புக்குப் போய், "மாலி, கொஞ்சம் அரிசி குடு," என்றாள். "சோறா?" "சோறு இல்ல. வேகாத அரிசி." மாலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், காரம் மூளைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்திருப்பாள். ஆனாலும் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினாள். ஹேமாவதி அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து மென்றாள். தாய்லாந்து அரிசி, கொஞ்சம் பால் வாசனை. பல்லுக்கடியில் நறநறத்தது. எரிச்சல் மெல்ல மெல்ல அரிசிக்குள் போயிற்று.

"பார்சல் ரெடி," என்று மாலி பொட்டலத்தைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு, உள்ளே சூடு. பையின் உட்புறத்தில் ஆவி படிந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட ஹேமாவதிக்குக் கை போகவில்லை. போன் இப்போது வேறு விதமாக அடித்தது. அம்மா. "வாங்கிட்டியா? பெரியப்பா வந்துட்டாரு. வெளக்கு வைக்கற நேரமாச்சி, எலைய போட்டுட்டேன்." அம்மாவின் குரலில் அழுகை இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. காரியம் செய்கிற வீட்டுப் பொம்பளைகளுக்கு வந்துவிடுமே, ஒரு வறட்டு நிதானம், அது வந்துவிட்டது. என்ன சொல்வது? சொல்லிவிட்டு அது தேனிக்காரனாக இருந்தால்? அம்மாவை மறுபடி வாசலில் உட்காரவைத்து, மறுபடி ஒருநாள் எழுந்துபோய்க் காபி போடச் சொல்லவா? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தாள். யாராக இருந்தால் என்ன, இன்னும் சாப்பிடவில்லை என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். "என்னாடி, மென்னுக்கினே பேசாம கீற? என்னா துன்ற?" "அரிசிம்மா." அம்மா யோசிக்காமல், பழைய குரலில் கேட்டாள். "மொளகா கடிச்சியா?" அந்தக் குரலைக் கேட்டதும் ஹேமாவதிக்கு உடைந்துவிட்டது. மாலி கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா. கடிச்சிட்டேன்." முழுங்கினாள். "கஜாதாம்மா அரிசி மெல்லச் சொன்னான்."

பின்னால் பெரியப்பா, யாரு, என்னாவாம், சீக்கிரம் வரச் சொல்லு என்று கேட்பது போனில் கேட்டது. எப்படி, எங்கே, எப்போது என்று அம்மா கேட்கவில்லை. அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது, மாடிப்படி ஏறி வந்தவள்போல. "மழ வந்தா வரட்டும்னானா?" என்றாள் அம்மா. "ஆமாம்மா." "அப்புறம்?" "இன்னும் சாப்புடலயாம்." சந்தில் முதல் தூறல் விழுந்தது. மாலி ஓடிப்போய் அடுப்புக்குமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். ஹேமாவதி மேஜையில் இருந்த பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, தன் தட்டில் கொட்டினாள். போனில் ஸ்டூல் நகரும் சத்தம், சட்டம் எதிலோ இடிக்கும் சத்தம், பெரியப்பாவின் அதட்டல். பிறகு அம்மா, யாருக்கும் கேட்காமல் கேட்பதுபோலக் கேட்டாள். "அப்ப எலைய எடுத்துடட்டுமாடி?"

"எடுத்துடும்மா," என்றாள் ஹேமாவதி.